இரண்டாவது கொமா

கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில், அச்சகத்திலிருந்து வந்த முந்நூறு அழைப்பிதழ்களையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கறுப்புப் பேனாவால் ஒரு கொமா போட்டவன் நான். தமிழ்ப் பக்கத்தில் குறையில்லை. ஆங்கிலப் பக்கத்தில், மண்டபத்தின் விலாசம் வெள்ளவத்தை, கொழும்பு என்று முடிந்த பிறகும் வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் பின்னால் ஒரு கொமா வரவேண்டும், அச்சகத்தார் போடவில்லை. நான் செய்துகொண்டிருப்பதைக் கேள்விப்பட்டு, மனைவியாகப் போகிறவர் தொலைபேசி எடுத்தார். "உங்களுக்கென்ன விசரே? சனம் சாப்பாட்டுக்கு வருதோ, கொமா பாக்க வருதோ?" மை காயுமுன் அட்டைகளை அடுக்கிவிட்டதில் பாதி அட்டைகளில் திகதி தீற்றுப்பட்டுப்போய், சித்தப்பா ஒருவர் கலியாணத்துக்கு மறுநாள் பட்டுவேட்டியோடு வெறும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். கொமா மட்டும் எல்லா அட்டையிலும் பளிச்சென்று தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆளின் மேசை லாச்சிக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. ஆங்கிலத்தில், ஒரே பக்கம். அதில் பிழையில்லை என்று சத்தியக் கடதாசி முடித்துத் தரக்கூட நான் தயார். பதினொரு கொமாக்கள், பதினொன்றும் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கின்றன. பெயர் சரி, அடையாள அட்டை இலக்கம் சரி, திகதி சரி, ஊர் சரி. என் கையிலிருந்து வெளிவந்தவற்றுள் குறை சொல்ல முடியாத ஒரே எழுத்து அதுதான். அது எவருக்கும் அனுப்பப்படவில்லை.

விசயம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், மிகச் சிறியது. பள்ளிக்கூடத்துத் தமிழில் காற்புள்ளி, எங்கள் வாயில் கொமா. ஆங்கில வாக்கியத்தின் நடுவே கொட்டாஞ்சேனை, கொழும்பு என்று ஓர் இடத்தைச் சொன்னால், கொட்டாஞ்சேனைக்குப் பின் ஒரு கொமா வரும். அதை எல்லோரும் போடுவார்கள். கொழும்புக்குப் பின்னும் ஒன்று வேண்டும்; அதைத்தான் மறந்துவிடுவார்கள். திகதியும் அப்படியே. மாதம், நாள் எழுதி ஒரு கொமா, ஆண்டு எழுதி இன்னொன்று. கதவைத் திறந்து உள்ளே வந்தவன் அதைச் சாத்தவும் வேண்டாமா என்பது என் வாதம். நாளை முன்னால் எழுதி மாதத்தையும் ஆண்டையும் பின்னால் எழுதினால் கொமாவே தேவைப்படாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மாதத்தை முன்னால் போட்டேன். இரண்டு கொமா போடக் கிடைக்கிற சந்தர்ப்பத்தை விட மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் முகப்பில், ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். போட்டோக்கொப்பி, பாக்ஸ், வெளிநாட்டுக்குக் கதைக்க இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், மூலையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தருவது என் வேலை. கடைக்காரர் ஒரு ஹாஜியார். எழுத்தில் அவருக்கு ஆர்வமில்லை, வரிசை நகர்கிறதா என்பதில்தான் ஆர்வம். "கொமா மாஸ்டர், நாள முன்னுக்குப் போடுங்க, மாசத்தப் பின்னுக்குப் போடுங்க, ஆள அனுப்புங்க. வெளிய ஒம்பது பேர் நிக்கிறாங்க" என்பார். நான் காது கேட்காதவன்போல, கோடு போடுகிற அடிமட்டத்தை எடுத்துத் திரையில் வரிக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தூதரகங்களுக்கு, வங்கிகளுக்கு, பள்ளிக்கூடங்களுக்கு என்று எத்தனையோ கடிதங்கள் எழுதினேன். ஆனால் அந்த வருடங்களில் அதிகம் எழுதியது ஒரே வகைக் கடிதம்தான்: வெளியே போனவர், அல்லது வெளியே கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வரவில்லை, அவர் எங்கே என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் புதிதாக எழுத நேரமில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒன்றைத் திறந்து, பெயரை மாற்றி, உறவை மாற்றி, விலாசத்தை மாற்றி அச்சடிப்போம். வெள்ளவத்தையில் எல்லாக் கடைகளும் அப்படித்தான் செய்தன. துயரத்துக்கும் ஒரு படிவம் தேவைப்பட்ட காலம் அது. நான் அதற்குக் கொமா போட்டேன்.

கொட்டாஞ்சேனை அன்ரி என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது அப்படியொரு நாளில். மெலிந்த உருவம், கைப்பிடி உடைந்து ரப்பர் பட்டி சுற்றிய குடை, நீல நிறப் பிளாஸ்ரிக் கோப்பு. கொட்டாஞ்சேனையிலும் கடிதம் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே போனால் அயலுக்குத் தெரிந்துவிடும் என்று பஸ் மாறி இங்கே வந்திருந்தார். ஒரே மகன். கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயிலுக்குத் தாயும் மகனும் போயிருக்கிறார்கள். அன்ரி சைவக்காரர்தான், ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் போகாமல் இருக்கமாட்டார். சனம் நெரிந்ததால் மகன் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றான். அன்ரி மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தபோது செருப்புகள் இருந்தன. பக்கத்தில் ஒழுங்காக, சோடி சேர்த்து. அவன் இல்லை. ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோகிற அந்த வெள்ளை நிற வான்களில் ஒன்று நின்றதாக மாலை விற்கிறவர் சொன்னார்; பிறகு, தான் அப்படிச் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

அன்ரி இதைச் சொல்லி முடிக்கும்வரை அழவில்லை. நான் தட்டச்சு செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்செடுத்த தாளில் நான் அடிமட்டத்தை வைத்து வரிவரியாக இறங்குவதைப் பார்த்து, "என்ன தம்பி பாக்கிறீர்?" என்றார். எனக்கு அது போதாதா? இரண்டாவது கொமாவின் மகத்துவத்தைப் பத்து நிமிடம் விளக்கினேன். மகனைத் தொலைத்துவிட்டு வந்திருக்கும் ஒரு தாய்க்கு, ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஏன் கொமா வரவேண்டுமென்று பாடம் எடுத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லையும் தலையாட்டிக் கேட்டார். எழும்பும்போது ஹாஜியாரிடம் சொன்னார்: "புள்ளியைக்கூட விடாமல் பாக்கிற பிள்ளை. இனி நான் இவரிட்டதான் வருவன்."

வந்தார். ஏழு வருடம், ஒவ்வொரு மாதமும் கடைசிப் புதன்கிழமை. "செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி, புதன்கிழமை உமக்குக் கொமா" என்று சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவார். கடிதம் அதே கடிதம்; யாருக்கு என்பது மட்டும் மாறும். இந்த அலுவலகம் பதில் தராவிட்டால் அந்த அலுவலகம், அது மூடப்பட்டால் புதிதாக அமைத்த ஏதோவொரு குழு. நான் மேலே இருக்கும் பெயரை மாற்றுவேன், அச்செடுப்பேன், அடிமட்டத்தை வைத்துக் கொமாக்களை எண்ணுவேன். பதினொன்று. கையெழுத்துக்கு நீட்டுவேன். அன்ரி தமிழில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உருண்டை எழுத்தில் பெயரை எழுதுவார்.

சிலவேளை பதில் வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்ற இரண்டு வரி. ஒருமுறை அப்படி வந்த பதிலை அன்ரி கோப்பிலிருந்து எடுத்துத் தந்தார். வாசித்துக்கொண்டு போனவன் திகதியில் நின்றேன். ஆண்டுக்குப் பின்னால் கொமா இல்லை. அரசாங்க முத்திரை குத்திய தாளில்! சிவப்புப் பேனாவை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். முகத்தில் கொஞ்சம் பிரகாசமும் தெரிந்திருக்க வேண்டும். அன்ரி கதிரையின் நுனிக்கு வந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "என்ன தம்பி, ஏதும் நல்ல செய்தியே?"

அன்றாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். வரவில்லை.

ஏழாவது வருடம் அந்தக் குழுக்களில் ஒன்றிடமிருந்து அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. விசாரணைக்கு வரவும், மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிவரலாம். அன்ரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு, விசாரணை மறுநாளே என்பதால் புதன்கிழமைக்குக் காத்திராமல், ஒரு திங்கட்கிழமை பின்னேரம் கடைக்கு வந்தார். ஹாஜியார் தானே எழும்பிக் கதிரை போட்டு, பிளேன்டீ எடுத்துவரச் சொன்னார். "அல்லாஹ் நாடினா நல்லது நடக்கும் மாமி" என்றார். என்னைப் பார்த்து, "நாளக்கி லீவு எடுங்க, மாமியோட போங்க" என்றும் சொன்னார்.

அப்போதுதான் அன்ரி அதைக் கேட்டார். ஏழு வருடத்தில் ஒருமுறையும் கேட்காதது. "தம்பி, அந்தக் கடிதத்தில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கால் தமிழில வாசியும். நாளைக்கு அங்க நான் ஏதும் மாறிச் சொல்லிப்போட்டன் எண்டா?"

நியாயமான பயம்தான். கடிதத்தை எடுத்து வரிவரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பெயர், வயது, விலாசம். அடுத்த வரி: இன்ன திகதியன்று, இன்ன இடத்தில். திகதிக்குப் பின்னால் கொமா இருந்தது. ஊருக்குப் பின்னாலும் இருந்தது. ஆனால் அந்த ஊர் மருதானை.

இரண்டாம் தரம் பார்த்தேன். மருதானை, கொழும்பு. அந்தத் திகதி, அன்ரி சொன்ன செவ்வாய்க்கிழமைக்கு மூன்று மாதம் முந்திய ஒரு நாள். அன்றைக்கு அவர் மகன் கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து சோறு சாப்பிட்டிருப்பான்.

எப்படி நடந்தது என்று உடனேயே விளங்கிவிட்டது. அன்ரி முதல்முதலாக வந்த அன்று, அவருக்கு முன்னால் வேறொரு பெண் வந்திருந்தார். மருதானை ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே கணவரைப் பறிகொடுத்தவர். அவர் கடிதத்தைத் திறந்துதான் அன்ரியின் கடிதத்தைச் செய்தேன். கணவரை மகனாக்கினேன், பெயரை மாற்றினேன், இலக்கத்தை மாற்றினேன், விலாசத்தை மாற்றினேன். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றவில்லை. ஏனென்றால் அந்த வரியில் கொமாக்கள் ஏற்கெனவே சரியாக இருந்தன. ஒவ்வொரு மாதமும் அடிமட்டம் அந்த வரிக்குக் கீழே போய் நின்றது. ஒவ்வொரு மாதமும் என் கண் இரண்டு கொமாக்களைப் பார்த்து, திருப்தியோடு கீழே இறங்கியது. அவற்றுக்கு நடுவில் இருந்தது இன்னொருத்தியின் துயரம்.

"ஏன் தம்பி நிப்பாட்டினீர்?"

"ஒண்டுமில்லை அன்ரி" என்றேன். பிறகு, தாளைப் பார்த்தபடியே, கொச்சிக்கடை என்று வாசித்தேன். செவ்வாய்க்கிழமை என்று வாசித்தேன். அந்தோனியார் கோயில், செருப்புகள், எல்லாவற்றையும், கடிதத்தில் இல்லாத சொற்களை எல்லாம், இருப்பதுபோல வாசித்தேன். அன்ரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "ஓம், அப்பிடியேதான்" என்றார்.

மறுநாள் அந்தக் கட்டடத்தின் விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரைகளில் மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். கடிதத்தில் ஒன்று சொல்கிறாய், வாயால் ஒன்று சொல்கிறாய் என்று அவர்கள் கேட்கப்போகிறார்கள். பொய்க்காரி என்று கோப்பை மூடப்போகிறார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே ஒரு சந்தர்ப்பம் என்னால் போகப்போகிறது. உள்ளே கூப்பிட்டதும் நேராக உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன். அந்த முடிவை ஏழெட்டுத் தரம் எடுத்தேன்.

உள்ளே ஒரு பெண் அதிகாரி இருந்தார். மரியாதையாக எழும்பி அன்ரிக்குக் கதிரை காட்டினார். மேசையில் அன்ரியின் கோப்பு, நாடாவால் கட்டியபடி. அவர் அவிழ்த்தபோது என் கடிதங்களைக் கண்டேன். அடையாளம் தெரியாமல் இருக்குமா? வேறு வேறு அலுவலகங்களிலிருந்து வந்து சேர்ந்த கட்டு. ஒவ்வொன்றும் நான் மூன்றாக மடித்த மடிப்பிலேயே, முதுகில் கிடைத்தது என்ற ஊதா நிற முத்திரையோடு இருந்தது. சிலவற்றை உறையைவிட்டு வெளியே எடுக்கவும் இல்லை. அனுப்பியவர் பெயரை மட்டும் பார்த்து, உறையோடு சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். ஒன்றாவது விரிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடினேன். தாளின் மடிப்பைப் பார்த்தால் தெரியும் அல்லவா. எதுவும் விரிக்கப்படவில்லை.

அதிகாரி அந்தக் கட்டைத் தூக்கி, "மே ஒக்கோம எக்கமத?" என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். எல்லாம் ஒன்றுதானா? ஓம் என்று தலையாட்டினேன். அவர் அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, புதுப் படிவமொன்றை இழுத்து, அன்ரியைப் பார்த்து, "மொன தவசெத, அம்மே? கொஹெதித?" என்றார். எந்த நாள், எந்த இடம். நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன்னம் அன்ரியே சிங்களத்தில் சொன்னார். "அங்கஹருவாதா. கொச்சிக்கடே." செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை. அதிகாரி எழுதிக்கொண்டார். கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அறிவிப்போம் என்றார்கள்.

வெளியே வந்தபோது எனக்குள் எழுந்தது என்னவென்று இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்: நிம்மதி. தப்பிவிட்டேன் என்ற நிம்மதி. ஒருவரும் ஒரு கடிதத்தையும் திறந்து பார்க்கவில்லை என்று கண்ணால் கண்ட பிறகு, எனக்கு முதலில் வந்தது சந்தோசம்.

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. அன்ரி என்னை இழுத்துக்கொண்டு போனார். வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் இரண்டு ரோல்ஸ் வாங்கி, பெரியதை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடும் தம்பி. காலமை ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டீர்" என்றார். பிறகு, "உம்மட கடிதத்தாலதான் கூப்பிட்டவை. அவ்வளவு கவனமா எழுதினபடியாத்தான்" என்றார்.

அந்த ரோல்ஸைத் தின்ன முடிந்திருந்தால் நான் இன்னும் மோசமானவனாக இருந்திருப்பேன். சொன்னேன். மருதானையை, மூன்று மாதத்தை, முதல்நாள் பின்னேரம் பொய்யாக வாசித்ததை, எல்லாவற்றையும். அன்ரி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர்?" என்றார்.

"பேர் சரி அன்ரி."

"எல்லாத்திலயும்?"

"எல்லாத்திலயும்."

தேநீரைக் குடித்து முடித்தார். நீலக் கோப்பினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குடையை விரித்து, கொட்டாஞ்சேனை பஸ் வந்ததும் ஏறினார். யன்னலோரம் இடம் கிடைத்தது. என் பக்கம் திரும்பவில்லை.

அந்த மாதக் கடைசிப் புதன்கிழமை அவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஹாஜியார் அந்தக் கதிரையை வேறொருவருக்குக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, என்னைப் பார்ப்பார். மூன்றாவது மாதம் நான் உட்கார்ந்து, பழையதொன்றையும் திறக்காமல், வெற்றுத் தாளிலிருந்து ஒரு கடிதம் எழுதினேன். செவ்வாய்க்கிழமையின் திகதியை நாட்காட்டியில் பார்த்து எழுதினேன். கொச்சிக்கடையை எழுதினேன். செருப்புகளையும் எழுதினேன். எண்ணிப் பார்த்தேன், இதிலும் கொமா பதினொன்று. அதை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஏழு வருடம் அந்த விலாசத்தைத் தட்டச்சு செய்திருக்கிறேன். வீட்டைக் கண்டது அன்றுதான். பல்புக் கடை ஒன்றின் மேல்மாடி, செங்குத்தான மரப்படி, ஒரே அறை. வாசலில், உள்பக்கமாக, ஒரு சோடி ஆண்பிள்ளைச் செருப்பு துடைத்து வைத்திருந்தது.

அன்ரி என்னை இருக்கச் சொன்னார். கடிதத்தை நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் மூக்குக் கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டார். "இதில கொச்சிக்கடை எங்க கிடக்கு?" என்றார். காட்டினேன். அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார். பிறகு தாளை மடிக்காமல் என்னிடம் திருப்பித் தந்தார். "இது உம்மட்டையே இருக்கட்டும்."

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். ஹாஜியார் மகளோடு கட்டாருக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு கம்பனியில் ஆங்கில அறிக்கைகளைத் திருத்துகிற வேலை, திருத்துவதற்குத்தான் ஒன்றுமில்லை. ஆண்டுக்குப் பின்னால், ஊருக்குப் பின்னால், இரண்டாவது கொமாவைக் கம்ப்யூட்டர் தானாகவே போட்டுவிடுகிறது. ஆயுள் முழுவதும் நான் போராடிய ஒரே போரில் எனக்கு வெற்றி. சொல்லிக் கொண்டாட ஆளில்லை. அறிவிப்போம் என்றவர்கள் அறிவிக்கவில்லை. போன வருடம் அன்ரியின் மரண அறிவித்தலைப் பத்திரிகையில் கண்டேன். மகனின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டிருக்கவில்லை. அந்த அறிவித்தலை மூன்று தரம் வாசித்தேன். பிறகுதான் கவனித்தேன், ஒரு தரம்கூடக் கொமாவைப் பார்க்கவில்லை.

இன்று காலையும் லாச்சியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மடிப்பே இல்லாத தாள். பதினொன்றும் அங்கேயே நிற்கின்றன. அதைத் திருப்பி வாங்கிய அன்று, அந்த மேல்மாடி அறையில், படியிறங்குமுன் என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் கடைசியாக ஒன்று சொன்னேன். அவர்கள் ஒரு கடிதத்தைக்கூட விரித்துப் பார்க்கவில்லை அன்ரி, ஆகவே என் பிழையால் ஒரு பாதிப்பும் வந்திருக்காது என்றேன். அன்ரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"அவங்கள் வாசிக்கமாட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நீர் வாசிக்கிறீர் எண்டு நினைச்சனான்."